பக்ளர் பேண்டிட் ரன்: க்ரூசிபிள் நைட் காலி

முடிச்சாச்சு. எல்டன் ரிங் கேம்ல ஸ்டார்ம்ஹில் எவர்ஜெயில்ங்கற சிறை அரங்குல இருக்கற க்ரூசிபிள் நைட்ங்கற கவச வீரன் பாஸை பேரியும் (எதிரி அடியை நேரம் பாத்து ஷீல்டால தட்டி விடறது) ரிபோஸ்ட்டும் (தட்டினதும் தடுமாறறவனுக்கு குடுக்கற பலத்த குத்து) மட்டும் வச்சே சாய்ச்சாச்சு, நடுவுல ஒரு சாதா வெட்டு கூட கிடையாது. எவர்ஜெயில்ல ஸ்பிரிட் ஆஷ் (துணைக்கு சண்டை போடற ஆவி) கூப்பிட முடியாது, அதனால பராக்கு காட்ட ஆளே இல்ல, அவன் கண்ணு முழுக்க நம்ம மேலதான். எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில வந்ததுல இருந்து ஆடிட்டிருக்கேன், மேஜிக்ல முடிச்சிருக்கேன், பெரிய வாளை ரெண்டு கையில புடிச்சு முடிச்சிருக்கேன், ஆனா இந்த ஒரு ஃபைட் குடுத்த சந்தோஷத்தை எந்த பெரிய பாஸும் குடுத்ததில்ல.

இந்த ரன்னோட, அதாவது முதல்ல இருந்து ஆடற இந்த ஆட்டத்தோட, ரூல் சிம்பிள். ஒவ்வொரு எதிரி வகைக்கும் கேமுக்குள்ளயே ஒரு சரியான வழி இருக்கு, அந்த வழியில மட்டும்தான் அடிக்கணும். லெவல் ஏத்திட்டு வந்து நசுக்கறது கிடையாது. க்ளாஸ் (ஆரம்ப கேரக்டர் வகை) பேண்டிட், ஏன்னா கையிலயே பக்ளர்ங்கற சின்ன ஷீல்டோட ஆரம்பிக்கறான், பக்ளர்ல இருக்கற பக்ளர் பேரி மத்த ஷீல்டுல வர்ற சாதா பேரியை விட தாராளமானது. மீடியம் ஷீல்டுல பேரி போட்டு பழகினவங்க இதை ஒரு தடவை எடுத்து பாருங்க, அப்புறம் திரும்பி போக மாட்டீங்க.

காட்ரிக் சோல்ஜர்களை பத்தி சொல்ல ஒன்னும் இல்ல, அவங்க பயிற்சிக்கு. கேட்ஃப்ரண்ட் ரூயின்ஸ்ல வெட்ஸ்டோன் கத்தியை எடுத்துட்டு அங்க இருக்கற ஆளுங்க கிட்டயே பேரி பழகிட்டேன். கரடியை பேரி பண்ணலாம்னு யாரும் கனவு காண வேணாம், ரூன்பேர் தெரிஞ்சா குதிரை ஏறிடுறேன், அதுக்கு சரியான வழின்னு நான் நம்பறது அதுதான்.

நைட்டுக்கு முன்னாடி ரெண்டு பொருள் தேவைப்பட்டுது. முதல்ல அசாசின்ஸ் க்ரிம்சன் டேகர் டாலிஸ்மன் (மாட்டிக்கற தாயத்து), க்ரிட்டிக்கல், அதாவது ரிபோஸ்ட் மாதிரி பலத்த குத்து, அடிச்சா எச்பி (உயிர் அளவு) திரும்ப வரும், பேரி ரன்னுக்கு இதைவிட நல்ல டாலிஸ்மன் ஆரம்பத்துல கிடையாது. அது டெத்டச்ட் கேட்டகோம்ப்ஸ்ல ப்ளாக் நைஃப் அசாசின் கிட்ட இருக்கு. வழி முழுக்க எலும்புக்கூடுங்க. இந்த எலும்புக்கூடு வகை எனக்கு ரொம்ப புடிக்கும், ஏன்னா சாகடிக்கறது ஈஸி, செத்த மாதிரியே வைக்கறதுதான் வேலை. விழுந்ததும் எலும்புக் குவியல் மினுங்க ஆரம்பிக்கும், அது திரும்ப எழுந்திரிக்கறதுக்குள்ள குவியல் மேல இன்னொரு போடு போட்டாத்தான் கணக்கு முடியும். ஹோலி டேமேஜ் ஆயுதம் இருந்தா அந்த ரெண்டாவது அடியே வேணாம், ஆயுதத்துக்கு ஹோலி ஏத்தற சேக்ரட் ப்ளேட் ஸ்கில் போட்டுக்கிட்டு போறவங்க அப்படியே நடந்து போயிடலாம். நான் ஹோலி இல்லாமத்தான் போனேன், அதனால ஒருத்தனுக்கு ரிபோஸ்ட் குடுக்கும்போதே பக்கத்துல எந்த குவியல் மினுங்குதுன்னு ஓரக்கண்ணால பாத்துட்டே இருக்கணும், ரெண்டு பேர் சேர்ந்து வந்தா இது நல்ல மூளைக்கு வேலை. அசாசின் ரொம்ப வேகம், ஆனா ஆள் சைஸ் எதிரி, பேரிக்கு விழுவா.

ரெண்டாவது மிசரிகார்ட். க்ரிட்டிக்கல் 140 இருக்கற டேகர், ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குள்ள ஸ்டோன்ஸ்வோர்ட் கீ போட்டு திறக்கற மூடுபனி கதவுக்கு பின்னாடி இருக்கு. கோட்டைக்குள்ள போகணும்னா மார்கிட்ங்கற பாஸை தாண்டணும். மார்கிட் இந்த ரன்னுக்கு நல்ல வாத்தியார், தடியை மேல தூக்கி அப்படியே நிறுத்தி வச்சிருப்பான், அந்த நிறுத்தத்துல நாம பயந்து உருண்டு முடிச்சப்புறம்தான் இறக்குவான். தூக்கறதை பாத்து பட்டனை தொடக்கூடாதுன்னு விரலுக்கு சொல்லிக் குடுத்தது அவன்தான்.

சரி, இப்ப பேரி. இந்த போஸ்ட் எழுத காரணமே இதுதான்.

எல்லாரும் டைமிங் டைமிங்னு சொல்றாங்க, டைமிங்குக்கு முன்னாடி பட்டனை பாருங்க. பேரி டீஃபால்ட்டா எல்2ல இருக்கு, எல்2ன்னா டிரிகர், அது துப்பாக்கி விசை மாதிரி ஒரு தூரம் உள்ள போய்த்தான் பதிவாகும். விரல் அழுத்த ஆரம்பிக்கறதுக்கும் கேம் அதை எடுத்துக்கறதுக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது, டென்ஷன்ல இறுக்கி புடிச்சிருந்தா சீக்கிரம் பதியும், லூசா இருந்தா லேட். இந்த கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல ஓடுது, ஒரு ஃப்ரேம்னா சுமார் 16.7 மில்லி செகண்ட், பேரி வேலை செய்யற ஜன்னல் சில ஃப்ரேம்தான், அதுல டிரிகர் தூரத்துக்கு வேற கொஞ்சத்தை தூக்கி குடுக்கறது அநியாயம். அதனால செட்டிங்ஸ்ல போய் எல்1, எல்2 ரெண்டையும் மாத்திட்டேன். பேரி பம்பர்ல (எல்1), ஷீல்டு தூக்கி தடுக்கற கார்டு டிரிகர்ல. பம்பர் டக்குனு பதியுது. இது ஒன்னே பாதி வேலையை முடிச்சிடுச்சுன்னு அடிச்சு சொல்வேன். டிவியில ஆடறவங்க கேம் மோடு ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க, படத்தை அழகு பண்றேன்னு டிவி எடுத்துக்கற நேரமும் நம்ம கணக்குலதான் கழியும்.

இன்னொன்னு, இந்த கேம் இன்புட்டை வரிசையில வச்சுக்கும். ஒரு உருளல் முடியறதுக்குள்ள பேரி பட்டனை தட்டிட்டா, உருளல் முடிஞ்ச கையோட பேரி தானா வரும், அப்ப அவன் வாள் இன்னும் தோள்லயே இருக்கும். இந்த விஷயம் எனக்கு எப்பவுமே கடுப்பு. அதனால க்ரூசிபிள் நைட் கிட்ட உருளவே இல்ல, முதல் பாதி முழுக்க நடைதான். லாக் ஆன் பண்ணிட்டு (கேமராவை அவன் மேல பூட்டிட்டு), அவன் ஷீல்டு கைப்பக்கமா மெதுவா சுத்தி நடக்கறது.

இப்ப எதை பாக்கணும்னு வரேன். வாள் நுனியை பாக்காதீங்க. அவன் வாளை தோளுக்கு மேல கொண்டு போய் ஒரு நொடி தாமதிக்கறான், அந்த தாமதம் ஒவ்வொரு தடவையும் ஒரே நீளம் கிடையாதுங்கற மாதிரி தோணும், ஏன்னா அவன் கிட்ட வேற வேற அடி ஒரே மாதிரி ஆரம்பிக்குது. ஆனா வாள் இறங்கறதுக்கு முன்னாடி தோள் இறங்கும், கவசத்தோட தோள் தகடு முன்னாடி சாயும், எல்லா வாள் வீச்சுலயும் இது உண்டு. தோள் சாஞ்ச அந்த கணத்துல பம்பர். வாள் நம்ம கிட்ட வந்தப்புறம் அழுத்தினா அது லேட், பக்ளர் கை வெளிய வீசற அசைவோட ஆரம்பத்துலதான் பலன் இருக்கு, கடைசியில கை விரிஞ்சு நிக்கறது வெறும் அழகுக்கு. வாள் பயணம் தொடங்கும்போதே நம்ம கையும் தொடங்கிடணும். அந்த "டங்"னு வர்ற சத்தம் கேட்டா பதட்டப்படாம நேர முன்னாடி போய் ஆர்1 (அடிக்கற பட்டன்), ரிபோஸ்ட் அனிமேஷன் ஓடும்போது நமக்கு அடி படாது, டாலிஸ்மன் எச்பி குடுக்கும், அவன் எழுந்திரிக்கறதுக்குள்ள ரெண்டு அடி பின்னாடி வந்து திரும்ப நடை.

காலால மிதிக்கற அடிக்கு நான் பேரி முயற்சி பண்றதே இல்ல, ஷீல்டால இடிக்க வந்தாலும் விலகிடறேன். மிதி முடிஞ்சு பல தடவை வாள் வீச்சு தொடர்ந்து வரும், அதுக்குத்தான் காத்திருக்கறது. எச்பி ஏத்தற ஃப்ளாஸ்க் விஷயத்துல ஜாக்கிரதை, நாம பாட்டிலை தூக்கினதும் பாய்ஞ்சு வர்றான், அதனால ரிபோஸ்ட் குடுத்து அவன் தரையில கிடக்கும்போது மட்டும்தான் குடிக்கணும்.

எச்பி பாதிக்கு வந்ததும் இறக்கை, வால் ரெண்டும் முளைக்கும். இங்கதான் நடை மட்டும் போதாது. இறக்கையில மேல போய் பாய்ஞ்சா பக்கவாட்டுல உருளல். வால் வீசினா பின்னாடி ஓடாதீங்க, வால் நீளம், பின்னாடி போற ஆளைத்தான் அது புடிக்கும். அவன் பக்கமா உள்ள உருண்டுடணும், ரெண்டாவது வீச்சும் வரலாம்னு நினைச்சுட்டு கையை கட்டிட்டு இருக்கணும். இந்த ரெண்டும் முடிஞ்சு அவன் திரும்ப வாளை தூக்கற நேரம்தான் நம்மளோடது. ரெண்டாவது பாதியில வாய்ப்பு குறைவு, ஆனா ஒவ்வொன்னும் மிசரிகார்ட்ல கனமா இறங்குது. விழுந்தப்ப குடுத்தது க்ரூசிபிள் வால் இன்கன்டேஷன் (ஃபெய்த் பாயிண்ட் கேக்கற மந்திரம்), இந்த கேரக்டருக்கு அதுக்கு பத்தற அளவு ஃபெய்த் இல்ல, பெட்டியில போட்டு வச்சாச்சு.

ஃபெய்த்னு சொன்னதும் ஞாபகம் வருது, ராயல் ரெவனன்ட் பத்தி தெரியாதவங்க இருந்தா தெரிஞ்சுக்கோங்க. நிறைய கையோட தரையில இருந்து கிளம்பி வந்து மூச்சு விடாம அடிக்குமே, அது. அதுக்கு பக்கத்துல நின்னு ஹீல் போட்டா நம்ம எச்பி ஏறும், அதுக்கு பயங்கரமா இறங்கும், தடுமாறி நிக்கும். ப்ரதர் கோரின் கிட்ட வாங்கற சின்ன அர்ஜன்ட் ஹீல் கூட போதும், மந்திரம் போடற ஃபிங்கர் சீல் இருந்தா ஆச்சு, பேண்டிட்டோட ஆரம்ப ஃபெய்த்தே அதுக்கு பத்தும். எதிரி வகைக்கு தகுந்த வழின்னு நான் சொல்றதுக்கு கேம்ல இதைவிட அழகான உதாரணம் இல்ல. அடுத்த ஏரியாவான லியூர்னியா போறதுக்குள்ள அது ரெண்டையும் வாங்கிடுவேன்.

ஆயுதத்தை பலப்படுத்தற கல்லான ஸ்மிதிங் ஸ்டோன்தான் இப்ப தலைவலி. லிம்கிரேவ் டனல்ஸ்ல பொறுக்கினது தீர்ந்துடுச்சு, மிசரிகார்ட் சாதா ஸ்டோன் வழி ஆயுதம், +25 வரைக்கும் போகும், கல்லை முழுங்கும். ராயா லுகாரியா க்ரிஸ்டல் டனல்ல கிரிஸ்டலியன்ங்கற பாஸ் கிட்ட மைனர்ஸ் பெல் பேரிங் (கடையில புது சரக்கு திறக்கற பொருள்) முதலாவது இருக்கு, அதை கொண்டு போய் ரவுண்ட்டேபிள்ல கடை வச்சிருக்கற ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸ் கிட்ட குடுத்துட்டா 1, 2 ரெண்டு ஸ்டோனும் ரூன் இருக்கற வரைக்கும் வாங்கிக்கலாம். கிரிஸ்டலியன் வகைக்கு கத்தி ஏறவே ஏறாது, கல்லு மாதிரி உடம்பு, ஸ்ட்ரைக் டேமேஜ் (மேஸ் மாதிரி மொத்தற அடி) வேணும், ஸ்டான்ஸை, அதாவது அது நிலையா நிக்கறதை, ஒரு தடவை உடைச்சுட்டா அப்புறம் எதை வச்சு அடிச்சாலும் உள்ள இறங்கும். அதனால அந்த ஒரு ஃபைட்டுக்கு மட்டும் மேஸ் எடுக்கறேன், ஜம்ப் அட்டாக்காவே குடுத்து உடைக்கலாம்னு ப்ளான். தோல்ல கல்லு வளர்ந்த சுரங்கத் தொழிலாளிங்களையும் அதே மேஸ் பாத்துக்கும்.

அதுக்கப்புறம் பெரிய ஆசை ஆரிசா ஹீரோஸ் கிரேவ். அங்க ரெண்டு க்ரூசிபிள் நைட் ஒரே நேரத்துல, ஆர்டோவிஸ் பெரிய வாளோட, இன்னொருத்தன் ஈட்டியோட. ஒருத்தன் தோளை பாக்கும்போது இன்னொருத்தன் எங்க இருக்கான்னு கேமரா காட்டாது, அதுதான் பயம், லாக் ஆன் இல்லாம பேரி போட்டு பழகணும்னு தோணுது, ஸ்டார்ம்வெயில்ல சோல்ஜருங்க கூட்டமா இருக்கற இடத்துல நேத்துல இருந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன், பரவாயில்லாம வருது. எக்ஸ்பான்ஷன்ல டிஃப்ளெக்டிங் ஹார்ட்டியர் இருக்கு, நேரம் பாத்து கார்டு புடிச்சா அடியை திருப்பலாம், ஆனா அதை இந்த ரன்ல எடுக்க மாட்டேன், பக்ளரோடதான் போவேன். ஃபர்னஸ் கோலெம்ங்கற ராட்சத எதிரி வரும்போது மட்டும் பெரிய பானை தேவைப்படும், தலைக்குள்ள தூக்கி போட. அதுக்கு இன்னும் நாள் இருக்கு, இப்ப மேஸ் ஏத்தணும், ஆரிசாவுல லாக் ஆன் இல்லாம பேரி போட்டு ஜெயிச்சவங்க இருந்தா கேமராவை எந்த கோணத்துல வச்சீங்கன்னு சொல்லுங்க.