ஒற்றைக்கால் நீச்சல்: நாகர்கோவில் பயிற்சிக் குறிப்புகள்

மே 4
குளத்தில் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்கு முதலில் தலையைத்தான் திருத்த வேண்டும். நாஞ்சில் நாட்டுக் குளத்தில், நீச்சல் குளத் தரையில் போட்டிருப்பது போல அடிக்கோடு ஏது? எதிர்ப் படித்துறையைப் பார்த்துதான் நீந்த வேண்டும். தலை எழும்பும், இடுப்பு தாழும். இந்தப் பையனுக்கு இடது கால் முழங்காலுக்கு மேலேயே இல்லை; அதனால் வலப்பக்க எடை உடலை அந்தப் பக்கம் சாய்க்கிறது. 25 மீட்டர் முடிவதற்குள் மூன்று தடவை தடக்கயிற்றில் (தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிறு) கை இடித்தது. "மக்களே, அடிக்கோட்டைப் பாரு, கரையைப் பாக்காதே" என்று ஆறு சுற்று. கடைசி இரண்டும் நேராக வந்தன.

மே 7
இடது கை தண்ணீருக்குள் போகும்போது வலது கால் உதை கீழே இறங்க வேண்டும். மறு கைக்குத் துணை உதை இல்லாததால், அதே கால் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய்ச் சமநிலை தேடும். கொஞ்சம் தாண்டுவது நல்லதே. ஒரு பாத அகலத்துக்கு மேல் போனால் இடுப்பு பாம்பாக வளைந்து வேகம் சாகும். கைப்பயிற்சிக்கான மிதவை, பிடித்துக்கொள்ள இரண்டு தொடை இல்லாமல் நழுவியது. சைக்கிள் டியூப் துண்டால் வலது தொடையோடு கட்டியதும் நின்றது.

மே 11
தொடக்க மேடை. பாதம் வழக்கமான வலது இடத்தில் இருந்தால் பாய்ச்சல் இடப்பக்கம் கோணுகிறது. பாதத்தை நடுவே வைத்து, விரல்களை முன்விளிம்பில் கொக்கி போல மடக்கி, இரு கையாலும் விளிம்பைப் பிடிக்க வேண்டும். தள்ளாடினால் உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடிக்க மாற்றுத்திறனாளர் நீச்சல் விதி இடம் தருகிறது, தள்ளிவிடக் கூடாது. மேடையின் பக்கத்திலிருந்தோ தண்ணீருக்குள்ளிருந்தோ தொடங்கவும் அனுமதி உண்டு. திருப்பத்திலும் சுவரில் பாதம் உடலின் நடுக்கோட்டில்தான் பட வேண்டும். 15 மீட்டருக்குள் தலை மேலே வந்தாக வேண்டும்.

மே 15
செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் இருந்தால் எஞ்சிய தொடை வீங்கும், பிறகு சாக்கெட் (செயற்கைக்காலில் தொடை நுழையும் கிண்ணம்) ஏறாது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கத் துடைத்து, நீள்துணிக் கட்டை எட்டு வடிவில் சுற்ற வேண்டும்: நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. குளோரின் ஈரத்தின் மேல் சிலிகான் உறை மாட்டினால் தோல் சிவந்து கொப்பளிக்கும். ஊன்றுகோல் அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். ரப்பர் விளையும் மாவட்டத்தில் அதற்காக ஈரத் தரை ஓட்டில் வழுக்கி விழலாமா? கன்னியாகுமரிக் கடற்கரைக்குச் செயற்கைக்காலோடு போவதையும் நிறுத்தச் சொன்னோம். மணலும் உப்பும் அதன் முழங்கால் மூட்டைக் கெடுத்துவிடும்.

மே 20
மாற்றுத்திறனாளர் நீச்சல் போட்டியில் எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் வகைப்பாட்டுக்கான மருத்துவ அறிக்கைகளைச் சேர்த்தோம். எஸ்1 முதல் எஸ்10 வரை உடல் குறைபாட்டு வகுப்புகள், எண் கூடக்கூடக் குறைபாடு குறைவு. ஒரு காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர் பெரும்பாலும் எஸ்9. மார்பு நீச்சலுக்கு எஸ்பி, ஒருவரே எல்லா நீச்சல் வகைகளையும் மாற்றி மாற்றி நீந்தும் தனிநபர் கலப்புக்கு எஸ்எம் என்று தனி எண்கள். மேசைச் சோதனையில் தசை பலமும் மூட்டு அசைவும், பிறகு தண்ணீரில் சோதனை, கடைசியாகப் போட்டியிலும் கவனிப்பார்கள். அங்கே வேண்டுமென்றே மெதுவாக நீந்துவது பெரிய குற்றம். இதைப் பையனிடமும் வீட்டாரிடமும் ஒளிவில்லாமல் சொல்லிவிட்டோம்.

மே 23
மார்பு நீச்சல். வலது பாதம் வெளிப்புறம் திரும்பியே உதைக்க வேண்டும். கட்டைவிரல் தரையைப் பார்த்தால் தகுதி நீக்கம். இன்று 20 உதையில் 7 தவறு. களைத்தபின்தான் பாதம் விழுகிறது, அதனால் இந்தப் பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளாமல் தொடக்கத்திலேயே வைக்கிறோம்.

மே 26
1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972 ஹைடெல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டரில் தங்கம் வென்றார்: 37.33 விநாடி. பையன் அதைத் தன் நேரத்தோடு ஒப்பிட்டான். வகுப்பு வேறு, குளம் வேறு, காலம் வேறு. பேட்கரைக் கும்பிடலாம், நேரத்தை ஒப்பிட வேண்டாம்.

மே 29
இடி. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. பிறகு நான்கு 50 மீட்டர். நான்கிலும் தடக்கயிற்றில் கை இடிக்கவில்லை.