கடைசி வண்டிக்காரன் பார்த்த கடம்பூர் மழை

2019 கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈரோட்டிலிருந்து ஏழு பைக்குகளில் கிளம்பினோம். கடம்பூர் மலை ஏறி, மாக்கம்பாளையம் வரை போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவதாக ஏற்பாடு. மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. போகலாமா வேண்டாமா என்று வாட்ஸப்பில் முந்தின ராத்திரி பதினோரு மணி வரை பேச்சு ஓடியது. வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் ஆசைதான், முதலில் சொல்லத்தான் யாருக்கும் மனசில்லை. அதனால் போனோம்.

எனக்குக் கடைசி வண்டி. எங்கள் கூட்டத்தில் எப்போதும் அதுதான் என் இடம். வேகமாக ஓட்டத் தெரியாது என்பது ஒரு காரணம். பஞ்சர் கிட், காற்றுப் பம்பு, ஸ்பேர் டியூப், கிளட்ச் கேபிள், கயிறு எல்லாம் என் பையில்தான் கிடக்கும் என்பது இன்னொன்று. கடைசியில் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. முன்னால் போன ஆறு பேரும் எங்கே வழுக்கினார்கள், எங்கே காலை ஊன்றினார்கள், எங்கே தைரியம் போய் ஓரமாக இறங்கினார்கள் என்பதெல்லாம் சேற்றில் அப்படியே பதிந்திருக்கும், படித்துக்கொண்டே போகலாம்.

கோபி தாண்டி சத்தியில் (சத்தியமங்கலம்) டீ. அப்புறம் கே.என்.பாளையத்தில் மலை ஏற ஆரம்பித்தபோது மழை சாரலாகத்தான் இருந்தது. மல்லியம்மன் கோயில் பக்கம் போனதும் மேகமே ரோட்டில் இறங்கிவிட்டது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நடுரோட்டில் புதிதாக யானைச் சாணம், அதிலிருந்து ஆவி வேறு பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் சிகரெட்டுக்கு நிறுத்தலாம் என்று சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சத்தியமங்கலம் காடு 2013இலிருந்து புலிகள் காப்பகம், சுமார் 1400 சதுர கிலோமீட்டர். ரோட்டை விட்டுக் காட்டுக்குள் வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றம், அதைவிட மடத்தனம். நாங்கள் போனது பஸ் போகிற ரோடு. மாக்கம்பாளையத்து ஜனங்கள் தினமும் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து போகிற அந்த வழியைத்தான் முழங்காலுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு வந்து ஆஃப் ரோடு என்று நாங்கள் பெருமை பேசுகிறோம். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடம்பூர் தாண்டி மாக்கம்பாளையம் போக இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நடுவில் குரும்பூர் பள்ளமும் சர்க்கரைப் பள்ளமும் ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகின்றன. பள்ளம் என்றால் கொங்கு நாட்டில் ஓடை. எங்களோடு வந்த சென்னை நண்பன் ஒருவன், ரோட்டில் இருக்கிற குழிக்குப் போய் இவ்வளவு யோசனையா என்று கடம்பூர் டீக்கடையில் சிரித்தான். சரி, நேரில் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவன் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் போட்டு மேலே ஒரு மழைக்கோட்டு மாட்டியிருந்தான். கோட்டில் வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தது, மழைக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கடம்பூரிலேயே டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டோம். என் எக்ஸ்பல்ஸ் பைக்கில் முன்னால் 18, பின்னால் 20 பிஎஸ்ஐ. டியூப் வண்டி என்பதால் அதற்குக் கீழே போக எனக்குத் துணிச்சல் இல்லை, கல்லில் ஏறினால் ரிம் டியூபைக் கடித்துவிடும். செம்மண் நனைந்தால் மேல் தோல் மட்டும் சோப்பு மாதிரி வழுக்கும், அடியில் கெட்டியாக இருக்கும். தாராபுரம் பக்கத்துக் கரிசலுக்கு இது எவ்வளவோ தேவலை. அங்கே ஒருமுறை மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றுபோய், ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறேன். செம்மண்ணில் முன் பிரேக்கைத் தொடாமல் இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டே போனால் போதும். சொல்வது சுலபம், நானே இரண்டு தடவை விழுந்தேன்.

முதல் பள்ளத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் அதற்குள் அக்கரை போய், திரும்பிக்கூடப் பார்க்காமல் மறைந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் வண்டியோடு நடுத்தண்ணீரில் கிடந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்ததால் வண்டி நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தது. தூக்கும்போது தண்ணீர் வருகிற பக்கம் ஆளும் போகிற பக்கம் வண்டியும் இருக்க வேண்டும். மாறி நின்றால், வண்டி சாய்ந்து ஆளை அடியில் அமுக்கிவிடும். கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தோம். அவன் உடனே செல்ஃபை அமுக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு அப்புறம் செல்ஃப் அடித்தோம், பிளக் ஓட்டை வழியாகப் பீச்சாங்குழல் மாதிரி தண்ணீர் வந்தது. ஏர் ஃபில்டரைப் பிழிந்து, துடைத்து, மறுபடி மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரமும் சென்னை நண்பன் ஒரு மரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தான். ஸ்பேனர் எடு என்றால் எடுக்கவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கிட்டே போனால் ஹெல்மெட் வாரைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டிருக்கிறான், உதடு வெளுத்திருக்கிறது, என்னடா என்று கேட்டால் வார்த்தை குழறி வருகிறது. ஐஸ் விழுகிற ஊரா இது, 17, 18 டிகிரி இருந்திருக்கும். ஆனால் தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். நனைந்த பருத்தித் துணியோடு மணிக்கணக்காகக் காற்றில் வண்டி ஓட்டி வந்தவனுக்கு அந்தக் குளிர் போதும். நடுங்குகிறவனைப் பற்றி அவ்வளவு பயமில்லை, கை வேலை செய்யாமல் பேச்சும் குழறினால் ரைடு அதோடு முடிந்தது.

பள்ளத்துக்கு இக்கரையிலேயே ஒரு ஓட்டு வீடு இருந்தது. திண்ணையில் இருந்த ஆத்தா எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை, உள்ளே போய் அடுப்பைக் கிளறிவிட்டார். ஈரத்துணியை எல்லாம் கழற்றச் சொல்லி அவனுக்கு ஒரு பழைய வேட்டியும் போர்வையும் கொடுத்தார். அப்புறம் சுக்குக் காப்பி. அவன் இரண்டாவது டம்ளர் குடித்து முடித்ததும்தான், "ஏஞ் சாமி, மழயில வந்து இப்பிடிச் சீரழியோணும்னு என்ன வந்துச்சு?" என்றார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

அதற்குள் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு மூட்டையோடு ஒருவர் வந்தார். உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் மாட்டியிருந்தார், உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. பள்ளத்தைப் பார்த்தார், வண்டியை ஸ்டாண்டு போட்டார், எங்களோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "மேக்க மழ நின்னுருச்சுங். அந்தக் கல்லு தெரியட்டும், போலாமுங்" என்றார். ஒரு மணி நேரத்தில் கல் தெரிந்தது. அவர் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு, சுத்தமாகத் தாண்டிப் போனார். அக்கரையிலிருந்து ஒரு தடவை திரும்பிக் கையை வேறு ஆட்டினார்.

அக்கரை போன நான்கு பேரும் அதற்கப்புறம்தான் வந்தார்கள். அடுத்த பள்ளத்தில் வழியில்லாமல் நின்றிருக்கிறார்கள், பின்னால் யாரும் வரவில்லை என்பது அங்கேதான் தெரிந்திருக்கிறது. மலையில் போனும் எடுக்கவில்லை. முன்னால் போகிறவன் பின்னால் வருகிற விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும், தெரியாவிட்டால் நிற்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே விதி. நான் அங்கேயே சத்தம் போட்டேன். ஆத்தா வந்து எல்லோருக்கும் ராகிக்களி போடவும்தான் நிறுத்தினேன்.

மாக்கம்பாளையம் போகவில்லை. சென்னைக்காரனை என் பின்னால் உட்கார வைத்து இருட்டுவதற்குள் மலையிறங்கினோம், அவன் வண்டி ஆத்தா வீட்டு வாசலிலேயே நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் பஸ்ஸில் போனோம், சத்தியில் இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு. வண்டி மேல் உரச்சாக்கைப் போர்த்தி, காற்றில் பறக்காமல் இருக்கக் கல் வைத்திருந்தார்கள். சாக்கைத் தூக்கினால் சீட்டில் ஒரு கோழி அடை படுத்திருந்தது. "இன்னும் ரெண்டு மூணு வாரம் பொறுத்து வந்திருக்கலாமல்ல கண்ணு" என்றார் ஆத்தா.