விம்மில் கோப்பு வகைக்கு ஏற்ற உள்தள்ளல்

நான் பார்த்த விம் உரைத்திருத்தியின் அமைப்புக் கோப்புகள் பலவற்றில், எல்லா வகைக் கோப்புகளுக்கும் உள்தள்ளலாக, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடமாக, நான்கு இடைவெளிகளைப் பொதுவாக விதிக்கும் ஒரு வரி இருக்கிறது. பைத்தான் மட்டும் எழுதும்வரை அதனால் தொல்லையில்லை. பைத்தான் நிரல்களுக்கான பெப் 8 என்ற எழுத்துநடை வழிகாட்டியும் நான்கைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் அமைப்புகளை எழுதப் பயன்படும் யாமல் வடிவம் உள்தள்ளலில் டேப் எழுத்தை ஏற்பதே இல்லை. கோ மொழியின் வடிவமைப்புக் கருவியோ டேப்பைத்தான் இடுகிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் உருவாக்கிய, நிரல்களைக் கட்டமைக்கும் கருவியான மேக் இன்னும் கண்டிப்பானது. கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப்புக்குப் பதிலாக எட்டு இடைவெளிகள் இருந்தால், திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் அதன் க்னூ வடிவமான க்னூ மேக், ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ (பிரிப்பான் இல்லை) என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே உள்தள்ளலைக் கோப்பின் வகையே தீர்மானிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இதில் பலரும் குழம்புவது டேப்ஸ்டாப், ஷிஃப்ட்விட்த் ஆகிய இரண்டு விம் அமைப்புகளுக்கும் இடையில்தான். கோப்பில் ஏற்கெனவே உள்ள டேப் எழுத்து திரையில் எத்தனை இடங்களை அடைக்கும் என்பதை முன்னது சொல்கிறது. ஒரு படி உள்ளே தள்ளும்போது எத்தனை இடங்கள் நகர வேண்டும் என்பதைப் பின்னது சொல்கிறது. டேப் விசையை அழுத்தினால் இடைவெளிகள் விழ வேண்டுமா என்பது எக்ஸ்பாண்ட்டேப்பின் பொறுப்பு. டேப்ஸ்டாப்பை அதன் இயல்பான 8இலேயே விட்டுவிடுவது நல்லது. அந்த எண்ணை மாற்றிவைத்து, டேப்பும் இடைவெளியும் கலந்து எழுதிய கோப்பு, எழுதியவர் திரையில் ஒழுங்காகவும் மற்றவர் திரையில் கோணலாகவும் தெரியும். டேப் மட்டுமே வரும் கோ கோப்புகளில் அதை 4 ஆக்கிக்கொள்வதில் தவறில்லை.

முதலில் உங்கள் விம் அமைப்புக் கோப்பில், கோப்பு வகைக்கேற்ற அமைப்புகளை இயக்கும் ‘ஃபைல்டைப் பிளகின் இன்டென்ட் ஆன்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலே, மேக் கோப்புகளில் எக்ஸ்பாண்ட்டேப்பை விம் தானாகவே அணைத்துவிடும். நம் சொந்த விருப்பங்களை, நம் விம் அடைவில் உள்ள ஆஃப்டர் அடைவுக்குள் இருக்கும் எஃப்டிபிளகின் அடைவில், கோப்பு வகையின் பெயரிலேயே ஒரு கோப்பாக வைக்கலாம். விம்முடன் வரும் அமைப்புகளுக்குப் பிறகு படிக்கப்படுவதால் நம் சொல்லே நிற்கும். யாமலுக்கான என் கோப்பில் இருப்பது ஒரே வரி:

செட்லோக்கல் எக்ஸ்பாண்ட்டேப் ஷிஃப்ட்விட்த்=2 சாஃப்ட்டேப்ஸ்டாப்=-1

கடைசியில் உள்ள -1, டேப் விசையும் ஷிஃப்ட்விட்த்தின் அளவையே பின்பற்ற வேண்டும் என்பதைக் குறிக்கிறது. செட்லோக்கல் என்பதற்குப் பதில் வெறும் செட் என்று எழுதினால் பொது மதிப்பும் மாறி, அடுத்துத் திறக்கும் வேறு வகைக் கோப்பிலும் அந்த 2 ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் எண் தவறாக இருந்தால், ‘வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்?’ என்று கேளுங்கள்; அந்த மதிப்பைக் கடைசியாக மாற்றிய கோப்பின் பெயரை விம் காட்டிவிடும். பழைய கோப்புகளைச் சீராக்க ரீடேப் கட்டளை உண்டு. ஆனால் அது நிரலில் மேற்கோளுக்குள் வரும் சரங்களில் (ஸ்ட்ரிங்) இருக்கும் டேப்பையும் சேர்த்தே மாற்றிவிடும் என்பதால், அந்த மாற்றத்தைப் பதிப்புக் கட்டுப்பாட்டில் தனி கமிட்டாக (பதிவாக) வைத்து, வரிவரியாகப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.