“குடுக்கலாம்லா சார்?”

“இது ஆராய்ச்சிம்மா. உங்க வீட்டுக்குன்னு தனியா இதுல முடிவு சொல்ல மாட்டோம்.” மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோய் குடும்பங்களில் மரபணு வழியாக எப்படி வருகிறது என்று தேடும் ஆய்வுக்காகப் போன நான், ஒப்புதல் படிவத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். அந்தம்மா கேட்டதோ வேறு. மூத்தவனுக்கு மனச்சிதைவு, சின்னவளைத் தன் தம்பிக்கே பேசி வைத்திருக்கிறார். “குடுக்கலாம்லா சார்?”

படிவத்தின் பதிலுக்கு நியாயம் உண்டு. 1988-இல் 5-ஆம் குரோமோசோமில் இந்த நோயோடு தொடர்பு கண்டதாக அறிவித்தார்கள். வேறு குடும்பங்களில் அது நிற்கவில்லை. 2009-இல் தமிழ்நாட்டுக் குடும்பங்களிலேயே 1-ஆம் குரோமோசோமில் ஓர் இடம் வலுவாகத் தெரிந்தது. 2022-இல் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியபோது நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள். பெரும்பாலானவை ஆபத்தைக் கூட்டுவது துளியளவு. இதை வைத்து ஒரு கல்யாணத்துக்கு என்ன சொல்வது?

நம் பக்கத்தில் வம்சாவளிப் படம் வரைவதே பெரும்பாடு. தாத்தன் பேர் பேரனுக்கு என்பதால் ஒரே குடும்பத்தில் நாலு சுடலைமுத்து இருப்பார்கள். எண் கொடுக்காவிட்டால் ரத்த மாதிரி எடுத்த குழாய் மாறிப்போகும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் கூடும் பங்காளிகளை மளமளவென்று சொல்வார்கள். கட்டிக் கொடுத்த பெண்களின் கிளை அதில் வராது. ஆச்சிகளிடம் தனியே கேட்க வேண்டும். “மனநோய் உண்டா?” என்றால் இல்லை என்பதே பதில். குணமாக வேண்டிப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் தங்க வைக்கப்பட்டவர், திடீரென வேலையை விட்டவர், ஊரைவிட்டுப் போனவர் யார் என்று கேட்டால் பெயர்கள் வரும். கோயில் கொடையில் சாமியாடிவிட்டு மறுநாள் வயலுக்குப் போகிறவரை நோயாளி என்று படத்தில் அவர் கட்டத்தைக் கறுப்பாக்கினால் கணக்கு முழுதும் கெடும்.

சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் படத்தில் இரட்டைக் கோடு. அந்தம்மா சொன்ன கல்யாணம் நடந்தால், பிறக்கும் பிள்ளைக்கு மூத்தவன் தாய்மாமனும் ஆவான், அத்தை மகனும் ஆவான். மாமன், அக்கா மகள் திருமணத்தில் உட்கலப்புக் கெழு, அதாவது ஒரே மூதாதையின் மரபணு நகல் தாய், தகப்பன் இருவர் வழியாகவும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு, 1/8. அத்தை மகன், மாமன் மகள் என்றால் 1/16. நோய் வரும் வாய்ப்பு பொதுமக்களில் சுமார் 1%, நோயாளியின் உடன்பிறந்தவருக்கு 9%, உடன்பிறந்தவரின் பிள்ளைக்கு 4% என்று நாம் ஒப்பிக்கும் எண்கள் ஐரோப்பியக் குடும்பங்களில் எடுத்தவை. இரட்டைக் கோடு அங்கே அபூர்வம். அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. அதனால் சொல்லாததே சரி.

சரிதானா? ஒவ்வொரு உறவாக நோயைக் கேட்டுக் கறுப்புக் கட்டம் போட்டபோதே அந்த வீட்டில் ஒரு பயத்தை வைத்தாயிற்று. அதன்பின் மௌனமும் பதிலாகத்தான் கேட்கும். 9 என்றால் மிச்சமுள்ள 91-ஐச் சேர்த்துச் சொல்லலாம். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு ஏறக்குறைய பாதிப் பேரில்தான் வருகிறது என்றும் சொல்லலாம். ஆனால் அந்த 9 பெண்ணின் பெயரோடு சேர்ந்து ஊருக்குள் போனால், தம்பி வீடு பின்வாங்கினால்?

கல்யாணத்தைப் பற்றிப் பேசாமலே ஒன்றைச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது படுகிறது: மூத்தவனின் மாத்திரை நிற்கக் கூடாது, சின்னவளுக்குத் தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, காரணமில்லாச் சந்தேகம் வந்தால் கோயில் கோயிலாக அலையாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அந்த வாரமே கூட்டிப் போக வேண்டும். அதைக் கேட்டிருந்தால், சின்னவளுக்கு வரும் என்றே அந்தம்மா முடிவு கட்டியிருப்பாரோ என்னவோ.