கொலம்பஸில் முதல் வாரம்: கோச்சைப் பார்க்க மலிவு சீட்டே மேல்

டிக்கெட், பஸ், தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் உத்தேசம். ஆனால் 2025 ஆகஸ்ட் 30 அன்று, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) சீசனின் முதல் வாரத்தில், கொலம்பஸ் ஊரின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 14-7 என்று மடக்கிய ஆட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் கட்டணத்தில் ஆரம்பிக்க மனசு வரவில்லை. முதலில் சீட்.

ஒஹாயோ ஸ்டேடியம் 1922இல் திறந்த கான்கிரீட் மைதானம். குதிரை லாட வடிவம் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அது ‘தி ஷூ’. அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,02,780. கீழே ஏ டெக், நடுவில் பி, உச்சியில் சி. ஏ டெக்கின் முன்வரிசைக்குக் கொள்ளைக் காசு கொடுத்தால் கிடைப்பது, ஓரமாக நிற்கும் மாற்று ஆட்டக்காரர்களின் முதுகு தரிசனம். பி டெக்கின் பின்வரிசைகள் சி டெக்குக்கு அடியில் மாட்டிக்கொள்கின்றன. நிழல் உண்டு, உயர உதைத்த பந்தும் ஸ்கோர்போர்டும் மறைந்துவிடும். சி டெக்குக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் இரண்டு அணியின் இருபத்திரண்டு பேரும் ஒரே பார்வையில் அடங்குவது அங்கேதான். விலையும் குறைவு. யோசிக்கவே வேண்டாம்.

வெயில் கணக்கு ஒன்று உண்டு. ஆட்டம் பகல் 12 மணிக்கு என்றாலும், கோடைக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைத்திருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றரை மணிவாக்கில். லாடத்தின் திறந்த வாய் தெற்கே. ஆகவே முதல் பாதியில் மேற்கு கேலரிக்காரர்களுக்கு முகத்தில் அடிக்கும், பிற்பாதியில் கிழக்கு கேலரிக்கு. உட்கார்வது அலுமினிய பெஞ்சில். ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

உச்சியில் உட்காரச் சொல்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. ஒஹாயோ ஸ்டேட் 2024 சீசனின் தேசிய சாம்பியன். அந்த அணியிலிருந்து 14 பேரைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அள்ளிக்கொண்டு போனது. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் பொறுப்பான இரண்டு உதவிக் கோச்சுகளும் (கோஆர்டினேட்டர்கள்) போய்விட்டார்கள். தடுப்பாட்டத்தை நடத்திய ஜிம் நோல்ஸைப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து இழுத்துக்கொண்டது. அந்த நாற்காலிக்கு ஒஹாயோ ஸ்டேட்டின் தலைமைக் கோச் ரையன் டே கொண்டுவந்தவர் மேட் பட்ரீஷியா. என்எஃப்எல் அணியான டெட்ராய்ட் லயன்ஸின் தலைமைக் கோச்சாக இருந்து 13 வெற்றி, 29 தோல்வி, ஒரு டிரா என்று பெயரைக் கெடுத்துக்கொண்டவர். பலரும் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவர் செய்தது டிவியில் பாதிதான் தெரியும். கேமரா, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை விட்டு நகராது. மேலிருந்து பார்த்தால் பந்து அசைவதற்கு முன், தடுப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி கேலப் டவுன்ஸ் ஒரு இடத்தில் நிற்கிறார், அசைந்ததும் வேறொரு இடத்தில் முளைக்கிறார். நிற்கும் இடத்தை வைத்துப் பாஸை முடிவு செய்யும் இளம் குவார்ட்டர்பேக்குக்கு இது நரகம். டெக்சாஸின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் எறிந்த 30 பாஸில் 17தான் சகாக்கள் கையில் சேர்ந்தது, 170 யார்டு, ஒன்று எதிரி கையில் போனது. மேனிங் மீது எல்லாரும் பாய்ந்தார்கள். எனக்குக் கோபம் டெக்சாஸ் கோச் ஸ்டீவ் சார்கீசியன் மீது. பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியான நான்காவது டவுனில் ஐந்து முறை துணிந்து ஒரே முறை தேறியது டெக்சாஸ். தேறாததில் ஒன்று, கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில், மேனிங்கையே பந்தோடு நடுவில் புகவிட்டது. எதிரணியின் பதினொரு பேரும் எதிர்பார்த்த அந்த ஒரே ஆட்டத்தை ஆடினால் சுவரில்தான் முட்ட வேண்டும். முன்னேறிய மொத்த யார்டில் டெக்சாஸ் 336, ஒஹாயோ ஸ்டேட் 203. ஜெயித்தது 203.

தன் குவார்ட்டர்பேக்கான புதுப் பையன் ஜூலியன் சேயினை டே பொத்திப் பொத்தி ஆடவைத்தார். 20 பாஸ்தான். நான்காம் குவார்ட்டரில் கார்னல் டேட்டுக்குப் போன 40 யார்டு டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) பாஸ் ஒன்றே துணிச்சல். கஞ்சத்தனமான ஆட்டம்தான், முதல் வாரத்துக்கு அதுதான் புத்தி.

சரி, பஸ். கொலம்பஸுக்குப் பயணிகள் ரயிலே கிடையாது, 1979இல் நின்றது. இத்தனை பெரிய ஊருக்கு இது வெட்கக்கேடு. விமான நிலையத்திலிருந்து டவுன்டவுனுக்கு நகரப் பேருந்து நிறுவனமான கோட்டாவின் பஸ். டிக்கெட் 2 டாலர், ஆப்பிலோ அட்டையிலோ கட்டினால் ஒரு நாளைக்கு 4.50க்கு மேல் பிடிக்காது. டவுன்டவுனிலிருந்து ஹை ஸ்ட்ரீட் வழியாக 2ஆம் எண் பஸ் வளாகத்துக்குப் போகும், அங்கிருந்து கால் மணி நடை. ஆட்டம் விட்டதும் அதே பஸ்ஸை நம்பாதீர்கள். ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு லட்சம் பேர் இறங்கினால் பஸ் நகராது. தெற்கே ஷார்ட் நார்த் பகுதி வரை நடந்துவிட்டு அங்கே ஏறுங்கள். ஆப் காருக்குக் கூப்பிட்டால் காலையில் கொடுத்ததைப் போல் பல மடங்கு கேட்கும், அதைக் கொடுத்தாலும் அதே நெரிசலில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

சொந்த வண்டி என்றால் இன்னொரு வில்லங்கம். சுற்றுவட்டார வீட்டுக்காரர்கள் வாசல் புல்தரையில் நிறுத்தக் காசு வாங்குகிறார்கள். காசு கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: முன்னால் வேறு வண்டியை நிறுத்துவார்களா? அடைத்துவிட்டால் அந்த ஆள் குடித்து முடித்து வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

டிக்கெட் போனில்தான். வாசலில் அத்தனை பேரும் ஒரே டவரை உறிஞ்சுவதால் நெட் படுத்துவிடும். வீட்டிலிருந்தே டிக்கெட்டைப் போனின் வாலட்டில் இறக்கிக்கொள்ளுங்கள், பேட்டரி முழுசாக இருக்கட்டும். பை கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வேண்டும், 12 அங்குல நீளம், 12 உயரம், 6 அகலத்துக்குள். வெளியே போனால் மறுபடி உள்ளே விட மாட்டார்கள். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். விளம்பர இடைவேளைக்கென்றே ஓரத்தில் ஒரு ஆள் நிற்கிறார், அவர் விலகும்வரை நடுவரும் சும்மா நிற்பார். எரிச்சல்.

டிக்கெட் இல்லாதவர்களுக்கும் ஒன்று உண்டு. பக்கத்து செயின்ட் ஜான் அரீனாவில் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் முன்பே பல்கலைக்கழக பேண்ட் வாசிக்கும் ‘ஸ்கல் செஷன்’, இலவசம். பித்தளைக் கருவிகளும் டிரம்ஸும் மட்டுமே, கட்டிடம் அதிர்கிறது. இதைத் தவறவிட்டுவிட்டு மைதானத்துக்கு மட்டும் போவது வீண்.

தங்குமிடத்தில்தான் பர்ஸ் கிழியும். ஆட்டம் உள்ள வாரக்கடைசியில் பல ஹோட்டல்கள் இரண்டு இரவு கட்டாயம் என்கின்றன. க்ரோவ் சிட்டி, டப்ளின் புறநகர்ப் பக்கம் தேடுங்கள்.

சாப்பாட்டுக்கு மைதான ஹாட்டாக் வேண்டவே வேண்டாம். கொலம்பஸில் பூட்டானிலிருந்து வந்த நேபாளிகள் ஏராளம், அதன் பலன் மோமோ. டவுன்டவுன் நார்த் மார்க்கெட்டில் ஜோல் மோமோ கேளுங்கள்: கொழுக்கட்டையை எள், தக்காளி போட்ட காரமான சாற்றில் மிதக்கவிட்டுத் தருவார்கள். மெல்லிய மாவு, கடித்ததும் உள்ளே இருக்கும் கொத்துக்கறியின் சாறு நாக்கைச் சுடும். மிச்சச் சாற்றைக் கிண்ணத்தோடு குடித்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மற்ற அணிகள் பற்றி அவசரமாக. என்எஃப்எல் கோச்சாக அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஆறு முறை வென்ற பில் பெலிசிக், நார்த் கரோலைனா பல்கலைக்கழகக் கோச்சாக முதல் ஆட்டத்தில் டிசியூ அணியிடம் 48-14 வாங்கினார். முதல் முயற்சியிலேயே டச்டவுன், அதற்குப் பின் சரிவு. எழுபது புது ஆட்டக்காரர்களை ஒரே கோடையில் கோத்தால் இப்படித்தான் ஆகும். 2024இல் 2 வெற்றி, 10 தோல்வி என்று கிடந்த ஃப்ளோரிடா ஸ்டேட், புது கோஆர்டினேட்டர்களோடு அலபாமாவை 31-17 என்று சாய்த்தது. யூசிஎல்ஏவும் வர்ஜீனியா டெக்கும் செப்டம்பர் 14 அன்றே கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டன.

பென் ஸ்டேட் பற்றி மட்டும் அப்போது வாய் திறக்க முடியவில்லை. நெவாடா, எஃப்ஐயூ, வில்லனோவா என்று முதல் மூன்றும் சோப்ளாங்கி எதிரிகள். நோல்ஸுக்குக் கொட்டிய பணம் தேறுமா என்பது செப்டம்பர் 27 இரவு ஓரிகன் வந்தபோதுதான் தெரிய இருந்தது. போகிறவர்கள் கவனிக்க: பென் ஸ்டேட்டின் மைதானமான பீவர் ஸ்டேடியத்தின் மேற்குப் பக்கத்தை 2025இல் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள், அங்கே இருந்தது தற்காலிக பெஞ்ச். அந்த மைதானம் இருக்கும் ஊரான ஸ்டேட் காலேஜில் ரூம் விலை வாய்க்கு வந்தபடி. சுமார் 40 மைல் தள்ளி ஆல்டூனாவில் பாருங்கள், அன்றிரவே ஊர் திரும்பும் திட்டம் வேண்டாம்.