ஜமீர் கிப்ஸா, மான்ட்கோமரியா?

எங்கள் ஃபேன்டஸி லீகில் (அமெரிக்கக் கால்பந்து வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களின் நிஜ ஆட்டத்தை வைத்துப் புள்ளி பெறும் போட்டி) ரன்னிங் பேக்குக்கு, அதாவது பந்தை ஏந்தி ஓடுபவருக்கு, இரண்டே இடம்; வேறு நிலை வீரர்களோடு பகிரும் ஃபிளெக்ஸ் இடமும் கிடையாது. ஒன்று டெரிக் ஹென்றிக்கு. 2020இல் 2,027 யார்டு ஓடிய மனிதர், இப்போது பால்டிமோர் அணியில், பந்தை வீசும் குவாட்டர்பேக் லாமர் ஜாக்சனுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவரைப் பெஞ்சில் உட்காரவைக்க எனக்குத் துணிவில்லை.

தலைவலி, 2023இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு ரன்னிங் பேக்குகளாகச் சேர்ந்து ஆடிய கிப்ஸ், மான்ட்கோமரி ஜோடிதான். அப்போது கோல் கோட்டருகே பந்தை மான்ட்கோமரியிடம் கொடுக்கவே லயன்ஸுக்கு விருப்பம். அந்த ஆண்டு அவர் ஓடியே 13 டச் டவுன் (பந்தோடு கோல் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது). கிப்ஸுக்கு 10. ஆனால் கிப்ஸ் 52 பாஸ்களைப் பிடித்தார், மான்ட்கோமரி வெறும் 16. பிடிக்கும் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு புள்ளி தரும் லீகில் இது சின்ன வித்தியாசமா?

செயலி காட்டும் முன்கணிப்பை நான் நம்புவதில்லை. அது ஜோசியக் கிளியின் சீட்டு. கிப்ஸைத்தான் இறக்குகிறேன். மான்ட்கோமரி ரசிகர்கள் திட்டுவதை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.