எஸ்பிஎம்12-ஐத் தனித்தியங்கும் நிரலாகத் தொகுத்த அனுபவம்

மூளையின் எம்ஆர்ஐ படங்களில் சாம்பல் பொருளையும் வெண்பொருளையும் பிரித்தறிவதற்கு, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் உருவான எஸ்பிஎம்12 மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அது இயங்க, உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருள் வேண்டும். பல படங்களை ஒரே நேரத்தில் செயலாக்க எனக்குக் கிடைத்த சர்வர்களில் மேட்லேப் உரிமம் இல்லை. ஆகவே, உரிமம் உள்ள ஒரு லினக்ஸ் கணினியில் அதைத் தொகுத்து (அதாவது, மேட்லேப் இல்லாமலே இயங்கும் வடிவுக்கு மாற்றி), கட்டளைவரியிலிருந்து இயங்கும் நிரலாக எடுத்துச் செல்ல முடிவு செய்தேன்.

தொகுக்கும் வேலை எளிதாகவே முடிந்தது. அதற்கான நிரல் எஸ்பிஎம்மின் கோப்புறைக்குள்ளேயே இருக்கிறது. தொகுக்க உதவும் மேட்லேப் கம்பைலர் மட்டும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸில் தொகுத்தது லினக்ஸில் மட்டுமே இயங்கும். தொகுத்த நிரலை இயக்குவதற்காகச் சர்வரில் நிறுவ வேண்டிய மேட்லேப் ரன்டைம் இலவசமானது என்றாலும், தொகுத்த மேட்லேப் பதிப்புக்கு உரியதாகவே அது இருக்க வேண்டும். நான் ஆர்2019பி பதிப்பில் தொகுத்ததால் 9.7 ரன்டைம் தேவைப்பட்டது. அங்கு முன்பே இருந்த 9.6 உதவவில்லை.

என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது வேறொன்று. நான் எழுதி வைத்திருந்த துணைச் சார்பு (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சிறு நிரல்) ஒன்று மேட்லேப்பில் சரியாக இயங்கியது. தொகுத்த நிரலிலோ அப்படி ஒரு சார்பே இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது. மேட்லேப்பில் ஒரு கோப்புறையைத் தேடுபாதையில் சேர்த்துவிட்டால் அதிலுள்ள சார்புகளை உடனே அழைக்கலாம். தொகுத்த நிரலுக்கு அந்த வசதி கிடையாது. தொகுக்கும் வேளையில் உள்ளே வைத்தவற்றை மட்டுமே அது அறியும். எஸ்பிஎம்மின் தொகுப்பு நிரல், கூடுதல் கருவிகளுக்கான டூல்பாக்ஸ் கோப்புறையில் அப்போது இருப்பவற்றை ஒரு நிலையான பட்டியலாக எழுதிக்கொள்வதும் இதனால்தான். இதை விளங்கிக்கொண்ட பிறகு, என் சார்பை எஸ்பிஎம் கோப்புறைக்குள் வைத்து மீண்டும் தொகுத்தேன், பிழை மறைந்தது.

சர்வரில் மற்றுமொரு தடை வந்தது. தொகுத்த நிரல் முதன்முறை இயங்கும்போது, தன்னுடன் வரும் சிடிஎஃப் கோப்பை (நிரலின் பகுதிகளைப் பொதிந்து வைத்த கோப்பு) பிரித்து, தன் அருகிலேயே ஒரு கோப்புறையில் வைக்கிறது. நான் நிரலை, எழுதும் அனுமதி இல்லாத பொதுக் கோப்புறையில் வைக்கச் சொல்லியிருந்தேன்; அதனால் அனுப்பிய பணிகள் அனைத்தும் தொடக்கத்திலேயே நின்றன. நிர்வாகியின் அனுமதியுடன் ஒரு முறை வெறுமனே இயக்கி மூடிய பின்னர் அந்தச் சிக்கல் தீர்ந்தது. இந்த ஒரு படியை நிறுவும் வேலையின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நோயாளிகளின் படங்கள் என்பதால், பிழைச்செய்தி வராததை மட்டும் நம்பி நான் மேலே செல்லவில்லை. ஒரே படத்தை, ஒரே கணினியில், மேட்லேப் வழியாகவும் தொகுத்த நிரல் வழியாகவும் பிரித்து, கிடைத்த இரு சாம்பல் பொருள் படங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்தேன். எல்லா வாக்சல்களிலும் (முப்பரிமாணப் படத்தின் சிறு கூறுகளிலும்) 0 வந்தது. அதன் பிறகே எல்லாப் படங்களையும் சர்வருக்கு அனுப்பினேன்.